பதினோராம் பாதையின் பாலம்

சைக்கிள் கடை முதலாளி எதையும் அட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டி ஆறு மாதம் கழித்துத்தான் உள்ளே முதல் சைக்கிள் வந்தது. மலைக்காட்டுக்குள் போகும் சரளைப் பாதைகளுக்கு ஒரு கையேடு போடலாம் என்று தோன்றியதும், மறுநாளே ‘காட்டு வழி இருபது’ என்று ஆயிரம் மேலட்டை அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பஞ்சர் மேசைக்குக் கீழே அடுக்கிவிட்டார். காட்டில் எத்தனை பாதைகள் இருக்கின்றன என்று அதுவரை ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பிள்ளை பிறக்குமுன் பேர் வைப்பது உலக வழக்கம். இவர் எத்தனை பிள்ளை என்பதையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்.

அந்த இருபதையும் தேடி, ஓட்டிப் பார்த்து, எழுத வேண்டிய வேலை புலவன் தலையில் விழுந்தது.

புலவன் என்பது கடை வைத்த பெயர். அவன் கியர் சரிசெய்கிறவன். ஆனால் ரிப்பேர் சீட்டில் ‘செயின் மாற்றப்பட்டது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நெடுநாள் உழைத்த செயின் ஓய்வு பெற்றது’ என்று எழுதுவான். வாங்கிப் படித்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார். சம்பளம் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டம் மட்டும் வந்து சேர்ந்தது.

பத்தொன்பது பாதைகளை அவன் நியாயமாகத்தான் ஓட்டினான். சரளைப் பாதை என்றால் தார் இருக்காது. மரம் ஏற்றும் லாரிகளுக்காக வனத்துறை கல் கொட்டிவிட்டுப் போன வழிகள் அவை. லாரி நின்றதும் புல் நடுவில் முளைத்துவிடும். தடித்த டயரும் வளைந்த கைப்பிடியும் உள்ள சைக்கிளில் ஏற்றம் ஏறி, இறக்கத்தில் பல்லைக் கடித்து, ஏழாவது பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்து, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடாத மழை. அவனுக்கோ மூக்கு, தொண்டை, தலை மூன்றும் அடைத்துக்கொண்டன. அச்சகம் நாள் குறித்துவிட்டது. அட்டையில் இருபது என்று இருந்தது.

அப்போதுதான் புலவன் கடையின் பின்னறையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் சாட்டிலைட் படத்தைத் திறந்து வைத்து, சூடாக எதையோ குடித்தபடி ஒரு பாதையை வரைந்தான். மேலிருந்து பார்க்க மலை ரொம்பச் சாதுவாக இருந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டே போயிற்று. அது சரளைப் பாதை. முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஓர் ஓடை. ஓடைக்குக் குறுக்கே பழுப்பாக ஒரு சின்னக் கோடு. ஓடைக்குக் குறுக்கே கோடு இருந்தால் அது பாலம்தானே? ‘பழைய மரப்பாலம். சக்கரம் ஏறும்போது பலகைகள் மெல்ல முனகும். நடுவில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவும்’ என்று எழுதினான். எழுதியதும் தும்மினான். கடைசியில் வைத்தால் கண்ணில் படும் என்று அதைப் பதினோராம் பாதையாக நடுவில் செருகினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைப்பவன்கூடத் தட்டின் நடுவில்தான் வைப்பான்.

வேடிக்கை என்னவென்றால், கையேடு வெளியானதும் எல்லாரும் கொண்டாடியது பதினோராம் பாதையைத்தான். கடையின் இணையப் பக்கத்தில் பாராட்டுகள் வந்து விழுந்தன. ஒரு பல் டாக்டர், அந்தப் பலகைகளின் முனகல் இன்னும் காதிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பாலத்தின் இடது பக்கக் கைப்பிடி ஆடுகிறது, யாராவது கவனிக்க வேண்டும் என்று பொறுப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். புலவன் கைப்பிடியைப் பற்றி எழுதவே இல்லை. முதலில் அவன் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயந்தான். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மூன்று மாதத்தில், இத்தனை பேர் சொல்லும்போது பாலம் இருக்கத்தானே வேண்டும் என்று நம்பவும் தொடங்கிவிட்டான். உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் வழி தவறியதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு அந்தப் பாதையில் புலவனின் அக்கா போனாள்.

அக்கா தபால்காரி. ஊருக்குள் பதினேழு வருடமாக நடந்தே தபால் கொடுக்கிறாள். ஒரு கடிதம் தவறான வீட்டில் விழுந்ததாகப் பேச்சே கிடையாது. விலாசத்தில் பாதி அழிந்திருந்தாலும், எழுத்தைப் பார்த்து அனுப்பியவர் யார், வாங்குகிறவர் யார் என்று சொல்லிவிடுவாள். மலைச் சுற்றுக்குப் போகிற தபால்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் அக்கா முதல் தடவையாக ஒன்றை வேண்டும் என்று கேட்டாள். மலைச் சுற்று என்றால் காட்டுக்குள் சிதறிக் கிடக்கிற அறுபது வீடுகள். வாரம் நான்கு நாள் சைக்கிளில்தான் போக வேண்டும். போஸ்ட்மாஸ்டர் அம்மா விண்ணப்பத்தைக் கொடுத்து, புதன்கிழமைக்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அக்கா வேண்டாம் என்றால் அடுத்த ஆள் ஸ்டாம்பு. ஸ்டாம்பு என்பவன் எதற்கெடுத்தாலும் போய் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர் பெற்ற சக தபால்காரன்.

நாற்பத்தொரு வயதில் அக்கா சைக்கிள் பழகினாள். கடைக்குத் திரும்பி வந்த ஒரு பழைய சைக்கிளைப் புலவனே அவளுக்கு ஏற்ற உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்தான். அக்காவோடும் அவள் புருஷனோடும் ஒரே வீட்டில்தான் அவன் குடியிருந்தான். அவனை வளர்த்ததில் பாதிக்கு மேல் அவள் கைதான். கையேட்டை அவள் சமையலறை ஜன்னலோரம் வைத்து, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிப்பாள். மூன்றாம் பாதையும் எட்டாம் பாதையும் போய்விட்டு வந்தாள். “நீ எழுதினபடியே இருக்குடா, அந்த வளைவுல வர்ற காத்துகூட,” என்றாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையில் ஒரு செயினைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவன் போனைப் பார்த்தான். ஆறு மணிக்கே அக்கா அனுப்பியிருந்தாள்: பதினொண்ணு போறேன், மலைச் சுற்று அந்தப் பக்கம்தான் வருது, சாப்பாடு மேசைல இருக்கு. உடனே கூப்பிட்டான். காட்டுக்குள் போன் எடுக்காது என்று கையேட்டில் அவனே எழுதியிருந்தான். பதினோராம் பாதைக்கு எழுதியதில் முழு உண்மை அது ஒன்றுதான் போல.

அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கலாம். அவன் போகவில்லை. பல் டாக்டர் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறாரே, படித்த மனிதர் பொய் சொல்வாரா என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு செயினை மாட்டினான். மாட்டியது தலைகீழாக இருந்தது. கழற்றி மறுபடியும் மாட்டினான்.

அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். தொடைவரை சேறு. முழங்கையில் சிராய்ப்பு. வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றாமல் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“பாலத்தைக் கண்டுபிடிக்க முடியலடா,” என்றாள்.

ஓடைவரை சரியாகத்தான் போனாளாம். பாலம் இல்லை. மேலே கொஞ்ச தூரம், கீழே கொஞ்ச தூரம் என்று மூன்று மணி நேரம் தேடினாளாம். மழைத் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பயமாக இருந்ததால், வந்த வழியே முப்பத்தொரு கிலோமீட்டரும் திரும்பி வந்தாளாம். கைப்பிடியில் மாட்டியிருந்த வழிகாட்டும் கருவி மட்டும் கடைசிவரை நீ சரியான கோட்டில்தான் நிற்கிறாய் என்று சாதித்ததாம்.

“மெஷின் தப்பாக் காட்டியிருக்கு. எங்கயோ ஒரு திருப்பத்தை நான் விட்டுட்டேன். நீ நின்னு தண்ணி குடிச்ச இடத்தைப் போய் மெஷின் எனக்குச் சொல்லுதா?”

புலவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடத்தான் திறந்தான். அதற்குள் மாமா உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே என்று இரண்டே திசைகளில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர் என்பதால் வழி தவறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கிண்டல் கிடைத்தால் எலும்பு தெரியும்வரை விடமாட்டார். பாலம் என்றால் ஓடைக்கு மேலேதான் இருக்கும், வீட்டு மாடியில் தேடினாயா என்று ஆரம்பித்தார். பதினேழு வருடம் தபால் கொடுத்தவளுக்கு ஒரு பாலத்தின் விலாசம் தெரியவில்லையே என்றார். சிரித்துக்கொண்டே முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முழங்கையைத் துடைத்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை என்பதைப் புலவன் பார்த்தான். திறந்த வாயைச் சும்மா மூடியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

“அந்த இடம் கொஞ்சம் குழப்பமானதுதான்க்கா. நிறைய பேர் தவற விட்டுடுவாங்க,” என்றான்.

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான். சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

திங்கட்கிழமை தபால் நிலையத்தில் கதை பரவியது. அக்காவே சொல்லியிருப்பாள், அவளுக்கு மறைக்கத் தெரியாது. ஸ்டாம்பு அவள் மேசையில் ஒரு கவரை வைத்தானாம், விலாசம்: ‘பாலம், ஓடைக்கு மேல், மலைக்காடு.’ அதன் மேல் ‘விலாசதாரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று முத்திரை. எல்லாரும் சிரித்தார்களாம். இதைச் சாப்பிடும்போது அக்காவே சொன்னாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்களே, அப்படிப் புலவன் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். ஒரு துண்டு ரொட்டியை அவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளியிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். முதலாளி அதிரவில்லை. அட்டையில் பாலம் என்று போடவில்லையே, அப்புறம் என்ன என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த பதிப்பில் ‘வெள்ளத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். கட்டாத பாலத்தைக் காசு செலவில்லாமல் இடிக்கலாம் என்பது முதலாளிக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. புலவனுக்கு மூச்சு வந்தது. இதை அக்காவிடம் சொல்லிவிடலாம். பாலம் இருந்தது, மழையில் போய்விட்டது, உன் மேல் தப்பில்லை. யாருக்கும் அவமானமில்லை. அவனுக்கும்.

அன்று சாயங்காலம் அவன் அந்தப் பேச்சை எடுப்பதற்குள் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மலைச் சுற்று எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாள். மாமாவுக்கே முகம் விழுந்துவிட்டது. சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன் என்றார்.

“நீங்க சொன்னதுக்காக இல்ல,” என்றாள் அக்கா. “காட்டுல அறுபது வீடு. மருந்து பார்சல் வரும். எழுதி வச்ச வழியையே பாத்துப் போகத் தெரியாத நான், எழுதாத வழியில எப்படிப் போவேன்? ஒருத்தர் மருந்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க, நான் ஓடையோரம் நின்னுக்கிட்டு இருப்பேன்.”

புலவன் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் கையில் முதலாளி கொடுத்த இடிந்த பாலம் இருந்தது. அது நன்றாக இடிந்திருக்க வேண்டுமே என்று யோசித்தான். அக்கா கேள்வி கேட்பாள். தூண் மிச்சம் இருந்ததா, பலகை எங்கே ஒதுங்கியது, நான் ஏன் ஒன்றையும் பார்க்கவில்லை என்பாள். நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுவந்து நாளைக்குப் பொருத்தமாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். பொய்யை அவன் ஒழுங்காகச் செய்ய நினைத்த முதல் தடவை அது.

புதன்கிழமை காலை, எழுதி ஒரு வருடத்துக்குப் பிறகு, அவன் பதினோராம் பாதையை ஓட்டினான்.

‘மென்மையான சரளை’ என்று அவன் எழுதியிருந்த இடத்தில் ஒவ்வொரு கல்லும் முஷ்டி அளவு இருந்தது. ‘இதமான ஏற்றம்’ என்ற இடத்தில் இறங்கித் தள்ளினான். ‘மரங்களின் நிழல் கூடவே வரும்’ என்ற நான்கு கிலோமீட்டரில் மரங்களை வெட்டிவிட்டு வெறும் அடிக்கட்டைகளை விட்டிருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கேட்டிருக்கிறான். அது பின்சக்கரத்தில் இரண்டு முறை பஞ்சரும் போடும் என்று தெரிந்துகொண்டான். அக்கா இந்த வழியைத்தான் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போய்த் திரும்பியிருக்கிறாள். அவன் எழுதிய இதமான ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது, தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

ஓடைக்கு வரும்போது மணி பதினொன்று. தண்ணீர் இறங்கியிருந்தது. குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது, பாதி மக்கி, பாசி பிடித்து. மேலிருந்து பார்த்தால் பழுப்பாக ஒரு சின்னக் கோடு. தூணும் இல்லை, பலகையும் இல்லை. இடிந்துபோகக்கூட அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

கரையில் அக்காவின் ஷூத் தடங்கள் இருந்தன. சேறு காய்ந்து அப்படியே பதிந்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு சின்னக் கூட்டமே நடந்ததுபோல மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போயிருந்தன. அப்புறம்தான் அவன் நூலைப் பார்த்தான். ஒரு செடியின் கிளையில் தபால் கட்டு கட்டுகிற சணல் நூல், ஒரு முடிச்சோடு. ஐம்பதடி தள்ளி இன்னொன்று, இரண்டு முடிச்சு. அதற்கும் மேலே மூன்று முடிச்சு. அக்கா தேடிய இடத்தையே மறுபடி தேடக்கூடாது என்று ஒவ்வொரு இடத்திலும் அடையாளம் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். மேல்பக்கம் ஆறு, கீழ்ப்பக்கம் ஏழு. பதிமூன்றாவது நூலில் முடிச்சுகள் ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தன. வழி தவறிய ஒருத்தி அப்படி முடிச்சுப் போடமாட்டாள். பயந்தவளும் போடமாட்டாள். இல்லாத பாலத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காகத் தேடத் தெரிந்தவளிடம், நிறைய பேர் தவற விட்டுடுவாங்க என்று அவன் சொல்லியிருக்கிறான்.

புலவன் அங்கேயே உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்காரவில்லை. முதலாளி கொடுத்த இடிந்த பாலத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

தபால் நிலையத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது நான்கு மணி ஆகியிருந்தது. கடிதம் பிரிக்கிற அறைக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. அதை அவன் படிக்கவில்லை. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள். ஒவ்வொன்றுக்கும் தெருப் பெயர் ஒட்டியிருந்தது. நடுவில் நீள மேசை. ஸ்டாம்பு கவர்களைச் சீட்டுக்கட்டுபோலப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று பேர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர் அம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு.

சேறும் வியர்வையுமாக ஒருவன் உள்ளே வந்து நின்றதும் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்டாம்பு, “வாங்க, பாலத்தோட சொந்தக்காரர்,” என்றான்.

“பாலம் இல்ல,” என்றான் புலவன்.

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. பின்னறை, மழை, கம்பளி, பழுப்புக் கோடு, அட்டையில் இருந்த இருபது எல்லாவற்றையும் சொன்னான். அங்கே பாலம் எப்போதும் இருந்ததில்லை என்றான். அக்கா ஒரு திருப்பத்தையும் தவற விடவில்லை, அவள் சரியான இடத்தில்தான் நின்றாள், வழிதான் அங்கே இல்லை என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. ஸ்டாம்பு கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவின் தாள் மூன்று மணி வண்டியில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றார். அங்கே போனால் அடுத்த பெயரை எழுதிவிடுவார்கள்.

“நேத்து சொல்லியிருந்தா அந்தத் தாளே வந்திருக்காது. இன்னிக்குக் காலையில வந்து சொல்லியிருந்தாலும் அது என் டிராயர்லயே இருந்திருக்கும். நாலு மணிக்கு வந்து சொல்றீங்க.”

அவர் அதட்டவில்லை. தாமதமாக வந்த பார்சலைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

மத்தியானச் சுற்று முடித்து அக்கா பின்கதவு வழியாக வந்தாள். தோளில் காலிப் பை. தம்பியைப் பார்த்ததும் முதலில் அவன் முழங்காலைத்தான் பார்த்தாள், அடிபட்டிருக்கிறதா என்று. பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். புலவன் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாம் முறை அது சின்னதாக இருந்தது. ‘அங்க பாலம் இல்லக்கா, நான் அங்க போனதே இல்ல’ என்பதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை நான் வந்து படியில உக்காந்தப்போ உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நிறைய பேர் தவற விடுவாங்கன்னு சொன்னியே, அது?”

“அதுவும் பொய்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல ஆட்டினாள்.

“பாலம் இல்லாததுக்கு உன்னை ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன்டா. மழை, ஜுரம், அந்த மனுஷன் அட்டை அடிச்சு வச்சிட்டாரு. புரியுது. ஆனா மூணு நாளா நான் தெருவுல போகும்போது ஒவ்வொரு வீட்டு நம்பரையும் ரெண்டு தடவ பாத்தேன். பதினேழு வருஷமா பாக்காத நம்பரை. இவ்வளவு நாளும் நல்லாதான் குடுத்தோமா, இல்ல யாரும் சொல்லாம விட்டுட்டாங்களான்னு. நீ எதிர்ல உக்காந்து ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தே.”

புலவனுக்குக் கீழே பார்க்கவும் தெரியவில்லை, மேலே பார்க்கவும் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் அக்கா நடந்த தெருக்கள்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா தொண்டையைச் செருமினார். நாளைக் காலை வண்டியில் இன்னொரு கடிதம் அனுப்பலாம், முந்தைய தாள் தவறான தகவலால் எழுதப்பட்டது, திரும்பப் பெறுகிறேன் என்று. அதைப் பார்ப்பார்களா, அதற்குள் பெயரை மாற்றிவிட்டிருப்பார்களா, தன்னால் சொல்ல முடியாது என்றார். ஸ்டாம்பு மெதுவாக, மலைச் சுற்றுக்குத் தன் முட்டி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக ஆரம்பித்தான். அது பொய் என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா அவனைக் கையமர்த்தினாள். இன்றைக்கு இன்னொருவர் பொய்யில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

புலவனுக்குச் சட்டென்று உயிர் வந்தது. செய்யத் தெரிந்த ஒன்று கிடைத்துவிட்டது. மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்தான்.

“நான் எழுதறேன்க்கா. அவங்க மனசு இளகற மாதிரி எழுதித் தரேன்.”

“நீ எழுத வேண்டாம்,” என்றாள் அக்கா.

தாளை அவன் கைக்குக் கீழேயிருந்து எடுத்துக்கொண்டு, ஸ்டாம்பு நகர்ந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, விலாசம் எழுதுகிறவர்களின் கையெழுத்தில், இடைவெளி விட்டு, நிதானமாக எழுதினாள். நான்கு வரி. கையேட்டில் இருந்த பாலம் அந்த இடத்தில் இல்லை. நான் வழி தவறவில்லை என்று இன்று தெரிந்துகொண்டேன். மலைச் சுற்று எனக்கு வேண்டும். என்னால் முடியும். புலவன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். எங்கேயாவது ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று பழக்கதோஷத்தில் தேடினான். சேர்க்க இடமே இல்லை.

போஸ்ட்மாஸ்டர் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கையேட்டை எழுதியவரும் சாட்சியாகக் கீழே கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார். பெயர், தொழில், கையெழுத்து. அக்கா தாளை அவன் பக்கம் தள்ளினாள். பேனாவை அவன் கையில் கொடுக்கவில்லை. தாளின் மேல் வைத்தாள்.

அவன் பெயரை எழுதினான். தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு ‘சைக்கிள் பழுதுபார்ப்பவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அக்கா தாளை எடுத்து அவன் எழுதியதை விரலை ஓட்டிப் படித்தாள். அவனுடைய பெயரை, அவள்தான் சிலேட்டில் எழுதப் பழக்கிய பெயரை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். தொழிலுக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது நிஜம்தானே?” என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நிஜம்க்கா,” என்றான் புலவன்.

அக்கா நிமிர்ந்து, இது சரிதானா என்று கேட்பதுபோலப் போஸ்ட்மாஸ்டர் அம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் தாளை மடித்தாள்.